எஸ்தாக்கி மாமாவின் தாகம்

ரெஜினியை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, வாசலில் கால் கழுவக் குனிந்தபோதுதான் எஸ்தாக்கியை விட்டுத் தண்ணீர் விலகியது. அவர் மனைவி திரவியம் செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் பாதத்துக்கு ஒரு சாண் மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி அந்தப் பக்கமுமாக மண்ணில் விழுந்து ஓடிப்போனது. பின்னால் நின்றவர்கள் செம்பில் ஏதோ கோளாறு என்று சொல்லி வேறு செம்பு கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரும் பிரிந்தது. ஒரு குடத்தைத் தூக்கித் தலையோடு கவிழ்த்தார்கள், குடம் காலியானது, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நனைந்தார்கள், எஸ்தாக்கியின் வேட்டி மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தது போல மொடமொடவென்று நின்றது. துக்க வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்பதால் ஆளுக்கொரு வாய் காப்பி குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எஸ்தாக்கியின் காப்பி மட்டும் டம்ளருக்குள்ளேயே எதிர்ப்பக்கம் ஒதுங்கிச் சுவரில் ஏறி நின்றது.

தாழைமுனையில் எஸ்தாக்கிதான் ஊர்த்தலைவர். ரெஜினியும் அவள் அக்கா சலேத்தும் அவருடைய தங்கை பிள்ளைகள். தகப்பனும் தாயும் ஒரே புயலில் போனபிறகு, இரண்டு பெண்களையும் தோளுக்கு ஒன்றாகத் தூக்கி வந்து வளர்த்தவர் அவர். காது குத்தியது அவர் மடியில். கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கப் பழக்கியது அவர் கை. அந்த ஊர்ப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு கடலடியில் பாசி பறித்துப் பிழைப்பவர்கள். பாசிப் பாறைகளைத் தாண்டிப் போனால் தாழை வெளி. கடலுக்கு அடியில் பச்சைப் பசேலென்று புல் முளைத்துக் கிடக்கும் மேய்ச்சல் நிலம் அது. அங்கே ஆவுளியாக்கள் மேயும். கடற்பசு என்று வனத்துறைப் பலகையில் எழுதியிருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூச்சு விட மேலே வரும்போது புஸ்ஸென்று சத்தம் கேட்கும், குட்டியைத் துடுப்புக்கையால் அணைத்துக்கொண்டு தாய் பால் கொடுப்பதைப் பார்த்தால் பார்த்தவள் மார்பைத் தொட்டுக்கொள்வாள். அதில் ஒரு குட்டி ரெஜினியிடம் ஒட்டிக்கொண்டது. அவள் முங்கினால் அது வந்து அவள் பாசிப்பையை முட்டும். "நமக்கு ஒரு தம்பி இருக்கான்டி" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தாழை வெளிக்கு அடியில் எரிவாயு இருக்கிறது என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. கடலுக்குள் இரும்பு மேடை நட்டார்கள், அங்கிருந்து கரைக்குக் குழாய் போட வேண்டும் என்றார்கள். ஆவுளியா இருக்கும் இடத்தில் அனுமதி கிடையாது, ஆகவே பார்த்துவிட்டுப் போக ஒரு அரசாங்கக் குழு வரும் என்றார்கள். கம்பெனியின் மேனேஜர் நந்தகோபன் நல்ல வார்த்தை பேசுகிறவர். எஸ்தாக்கியிடம் அவர் தப்பாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. "குழு வர்ற அன்னைக்கு அங்க ஒண்ணும் இல்லாம இருந்தா ஊருக்கு நல்லது தலைவரே. படகுத்துறை வரும், பசங்களுக்கு வேலை வரும்" என்று மட்டும் சொன்னார். எஸ்தாக்கி யோசித்தார். பிறகு ஒரு காலையில் மீனுக்கு வீசும் வெடித் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு தனியாகப் படகில் போய், மந்தை மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் திரியைக் கொளுத்தி வீசினார்.

அந்தக் காலையில் ரெஜினி தன் தம்பியைப் பார்க்கத் தண்ணீருக்கு அடியில் போயிருந்தாள்.

தாய் ஆவுளியாவையும் ரெஜினியையும் ஒரே அலை கொண்டுவந்து கரையில் போட்டது. இரண்டு உடம்பிலும் காயமில்லை, காதில் மட்டும் ரத்தம். ஆவுளியாவின் மடியிலிருந்து பால் மணலில் வடிந்துகொண்டே இருந்தது. யார் செய்தது என்று ஊருக்குத் தெரியும். ஊர்க்கமிட்டி கூடி, தெரியாமல் நடந்தது, தலைவர் வேண்டுமென்றா செய்தார், போலீசுக்குப் போனால் ஊர் மானம் போகும் என்று பேசி முடித்தது. குழு வந்தது, தண்ணீரைப் பார்த்தது, ஆவுளியா எதுவும் இல்லை என்று திரும்பிப் போனது.

சலேத்து மட்டும் அவரைப் பார்த்துப் பேசவில்லை. தண்ணீர் அவரை விட்டு விலகியது சலேத்தின் சாபம் என்று சிலரும் ஆவுளியாவின் சாபம் என்று சிலரும் சொன்னார்கள். பாசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சலேத்து சொன்னாள்:

"நான் சாபம் விடல. விட்டிருந்தா இம்புட்டுச் சின்னதா விட்டிருக்க மாட்டேன்."

அதன் பிறகு எஸ்தாக்கி பழத்தால் உயிர் வாழ்ந்தார். வாழைப்பழத்துக்குள்ளும் நுங்குக்குள்ளும் இருக்கிற ஈரம் தன்னைத் தண்ணீர் என்று நினைக்காமல் பழம் என்றே நினைத்துக்கொண்டு அவர் தொண்டைக்குள் இறங்கியது. உயிர் நின்றது, தாகம் நிற்கவில்லை. நாக்கு மரப்பட்டை போல ஆனது. அழ உட்கார்ந்தால் கண்ணீரும் தண்ணீர்தானே, அது கண்ணுக்கு வராமல் உள்ளே எங்கேயோ ஒதுங்கிக்கொண்டது. திரவியம் மணலைப் போட்டு அவர் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மழை மேகம் கூடினால் கருவாடு காயப்போட்ட பெண்கள் ஓடிவந்து, "அண்ணே, செத்த நேரம் வந்து நடுவுல உக்காருங்க" என்று கூட்டிப்போனார்கள், சுற்றிலும் மழை கொட்டும், அவரைச் சுற்றிக் கருவாடு காய்ந்தபடி கிடக்கும். கோயில் கூரை ஒழுகிய இடத்துக்குக் கீழே அவருக்கு நாற்காலி போட்டார்கள். கிணறு தூர் வார வேண்டுமென்றால் கயிற்றில் கட்டி அவரை இறக்கினார்கள், தண்ணீர் சுவரோரமாக ஏறி நின்றுகொள்ள நடுவில் ஆட்கள் சேறு அள்ளினார்கள். கடலில் விழுந்த நங்கூரத்தையும் வெண்கலப் பானையையும் தேடிக்கொடுக்க அவரை இடுப்பளவு ஆழத்துக்கு நடத்திப் போனார்கள். மாதம் போகப் போகத் தாகம் ஏறியது, தாகம் ஏற ஏறத் தண்ணீரும் இன்னும் தள்ளிப்போனது, ஒரு சாண் ஒரு முழமாகி, இரண்டு கையையும் விரித்த ஒரு பாகமாகி, கோயில் முற்றம் அகலத்துக்கு வந்துவிட்டது. வெள்ளம் வந்த வருஷம் தாழைமுனையில் ஒரு குடிசையும் மூழ்கவில்லை. தலைவர் ஊருக்காகப் படுகிற கஷ்டம் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் செய்தது இன்னது என்பதே பேச்சில் இல்லாமல் போனது. சலேத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. தண்டனையையும் இந்த ஊர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பழகிவிட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பாசியைப் பிய்த்தாள்.

பங்குச் சாமியார் ஜெரோம் ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று சலேத்தைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டார். "ஆண்டவர் சிலுவையில தாகமா இருக்குன்னாரு. உன் மாமனும் தாகமா இருக்காரு. மன்னிச்சுத் தண்ணி குடு தாயி. நீ குடுத்தா வரும்" என்றார். ஊரே பின்னால் நின்று தள்ளியது. திரவியம் அவள் காலைப் பிடித்தாள். சலேத்து டம்ளரை வாங்கி, "மன்னிச்சிட்டேன்" என்று நீட்டினாள். எஸ்தாக்கி இரண்டு கையாலும் வாங்கி வாயருகே கொண்டுபோனார். தண்ணீர் டம்ளரை விட்டு எழும்பிக் குதித்துச் சாமியார் அங்கியில் விழுந்தது. உதட்டிலிருந்து வருகிற மன்னிப்பைத் தண்ணீர் ஏற்றுக்கொள்வதில்லை என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

நந்தகோபனுக்கு விஷயம் போனது. அவர் வந்து எஸ்தாக்கியைக் கடற்கரையில் நடக்கவைத்துப் பார்த்தார். கடல் பின்வாங்குவதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை, கணக்குப் போட்டார். குழாய் போட மிதவை வேண்டாம், முங்குகிற ஆட்கள் வேண்டாம், புயலுக்குக் காத்திருக்க வேண்டாம். "குழாய் மேடையைத் தொட்ட அன்னைக்கே உங்களைச் சென்னைக்குக் கூட்டிப் போறேன் தலைவரே. நரம்பு வழியா தண்ணியை ஏத்துற பெரிய டாக்டர் இருக்கார்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். தாகம் உள்ளவன் காதில் வேறு என்ன ஏறும்?

ஒரு சாய்வு நாற்காலியில் எஸ்தாக்கியை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தார்கள். கடல் வட்டமாக விலகி வழிவிட்டது. அவரோடு இரண்டு பொக்லைனும் குழாய் ஏற்றிய வண்டியும் வெல்டிங் ஆட்களும் உள்ளே போனார்கள். நாற்காலி ஒரு இடத்தில் நிற்கும், குழி தோண்டுவார்கள், குழாயை இறக்கி ஒட்டுவார்கள், நாற்காலி முன்னே நகரும், பின்னால் தண்ணீர் வந்து வேலை முடிந்த இடத்தை மூடிக்கொள்ளும். கரையை விட்டு வெகுதூரம் போனபிறகு, நடுக்கடலில் தோண்டிய பெரிய கிணறு போல அந்த வட்டம் தெரிந்தது. மூன்று ஆள் உயரத்துக்குத் தண்ணீர்ச் சுவர், சுவருக்குள் மீன்கள் நின்று வேடிக்கை பார்த்தன. ஆட்கள் படகில் விளிம்புவரை வந்து நூலேணியில் இறங்கினார்கள். எஸ்தாக்கி மட்டும் ஏறவே இல்லை. அவர் ஏறினால் எல்லாம் மூழ்கிவிடும். அங்கேயே தின்றார், அங்கேயே தூங்கினார்.

இதற்கும் ஊர் பழகியது. பெண்கள் முங்காமலே பாசி அள்ளினார்கள், ஆண்கள் தரையில் துடிக்கிற மீனைக் கூடையில் பொறுக்கினார்கள். தாழை வெளி முழுக்கத் தலைக்குக் குளித்த பெண்ணின் கூந்தல் போலத் தரையோடு படிந்து கிடந்தது, அதன்மேல் பொக்லைன் சங்கிலி ஏறி இறங்கியது. சலேத்து மட்டும் அந்த வட்டத்துக்குள் இறங்கமாட்டேன் என்றிருந்தாள். ஒரு நாள் அவளோடு பாசி எடுக்கும் ஒருத்தி படகிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

"சலேத்து, ரெஜினியோட குட்டி காஞ்ச தரையில கெடக்குடி."

தாயில்லாமல் தப்பிப் பிழைத்த குட்டி. வளர்ந்து ஆள் கனத்துக்கு இரண்டு மடங்கு ஆகியிருந்தது. நாற்காலியை நகர்த்தியபோது வட்டம் அதைத் தாண்டிவிட, சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. தண்ணீர் தாங்கிய உடம்பைத் தானே தாங்க முடியாமல் அதன் நெஞ்சு நசுங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் சேலையைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. சலேத்து நேராக நாற்காலிக்குப் போனாள். ரெஜினி செத்தபின், யாரும் தள்ளிவிடாமல் அவளாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மாமா, எந்திரிச்சு நாலு எட்டுத் தள்ளிப் போங்க. தண்ணி வந்து அதை எடுத்துக்கிரும்."

எஸ்தாக்கி எழுந்தார். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நந்தகோபன் ஓடிவந்தார்.

"உக்காருங்க தலைவரே. இப்ப நகர்ந்தா குழி மூடிரும், பாதி ஒட்டுன குழாய் அத்தனையும் போயிரும். சாயங்காலம் நகர்த்தலாம்."

"சாயங்காலம் வரைக்கும் அது தாங்காது சார்" என்றாள் சலேத்து.

"எனக்கும் பாவமாத்தாம்மா இருக்கு." அவருக்கு உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது. தன் கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் குட்டியின் முதுகில் ஊற்றினார், அது அங்கே நிற்காமல் சுவர்ப்பக்கம் ஓடிப்போனது. திரும்பி வந்து எஸ்தாக்கியின் தோளைத் தொட்டு, "சென்னை டாக்டர்கிட்ட பேசியாச்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

எஸ்தாக்கி சலேத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

குட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது, வெகுநேரம் கழித்து மறுபடி விட்டது. சலேத்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் மூச்சு நின்றது. பொக்லைன்காரர் கீழே இறங்கி வந்து, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "நகருங்கம்மா, குழிக்குக் குறுக்க இருக்கு" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சலேத்து ஒன்றைக் கண்டுகொண்டாள். அந்தத் தண்ணீர்ச் சுவரைப் பிடித்து நிறுத்தியிருப்பது அவளுடைய வெறுப்பு. அவள் ஊட்டி ஊட்டி வளர்த்த வெறுப்பு, கம்பெனிக்குக் கரை கட்டிக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்தால் கடல் வரும். எடுப்பதென்றால் மன்னிக்க வேண்டும், அதுவும் மனசார. பழி வாங்க அவளுக்கு இருந்த ஒரே ஆயுதம் அதுதான், அதுவோ அவளிடம் இல்லை.

தேட ஆரம்பித்தாள். பாசி காயப்போடும்போதும் உலை வைக்கும்போதும் தேடினாள். கையில் கிடைத்ததெல்லாம் காதில் ரத்தமும் மணலில் வடிந்த பாலும் திருப்பிக்கொண்ட அந்தக் கழுத்தும்தான். விடாமல் அதற்கும் பின்னால் போனாள். காய்ச்சலில் துவண்ட ரெஜினியைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளம் வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓடிய மாமா இருந்தார். குழம்புச் சட்டியில் மீனின் கன்னத்துச் சதையைத் தோண்டி இரண்டு பேர் வாயிலும் மாறி மாறி வைத்த விரல் இருந்தது. முதன்முதலாக முங்கவிட்டபோது எங்கே உள்ளே போய்விடுவாளோ என்று அவள் சடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கை இருந்தது. "மூச்சை அடக்கு, பயப்படாத, மாமா பிடிச்சிருக்கேன்." அதற்கு முன்னால் இருந்தது ஒன்றும் அவளுக்கு ஞாபகமில்லை, அந்தக் கையிலிருந்துதான் அவள் ஆயுசே தொடங்கியது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகியது. அவள் உட்கார்ந்து, அவரை நினைத்து, அவர் தொண்டையில் இருக்கும் வறட்சியை நினைத்து, ஓவென்று அழுதாள். கிடைத்துவிட்டது, இனி அதைத் தண்ணீரோடு அவர் கையில் கொடுப்பதுதான் பாக்கி என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட்டாளா என்றால், பட்டாள். அந்த மன்னிப்புக்குள்ளே இருந்த கத்தி அவ்வளவு மெத்தென்று இருந்தது.

மறுநாள் பாசிப் பெண்களிடம், "இன்னைக்கு யாரும் அங்க எறங்காதீக" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வேலையாட்கள் எல்லாரும் ஏணியேறிப் படகுக்குப் போகும்வரை விளிம்பில் காத்திருந்தாள். நந்தகோபன் கீழேதான் சாப்பிடுவார், தண்ணீர்ச் சுவரின் குளிர்ச்சி அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. சலேத்து ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நந்தகோபன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

எஸ்தாக்கி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். உதடு வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மாமா, தண்ணி கொண்டாந்திருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "வராது தாயி. எனக்குத்தான் வராதே."

"வரும் மாமா."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீர்க் கோட்டைப் பார்த்தார். "மனசாரவா?"

"மனசார."

தண்ணீர்ச் சுவர் மெல்ல நடுங்கியது. சுவருக்குள் நின்ற மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. எஸ்தாக்கி அதைப் பார்த்தார். கடலில் பிறந்து கடலில் நரைத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சுவரின் உயரத்தைக் கண்ணால் அளந்தார், குடைக்கடியில் சோறு பிசைகிறவரைப் பார்த்தார், நூலேணியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீ நீந்திருவல்ல புள்ள?"

"நீந்திருவேன் மாமா."

"அப்ப ஊத்து."

இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தார். அவள் ஊற்றினாள். தண்ணீர் நேராக அவர் உள்ளங்கையில் விழுந்து, விரலிடுக்கில் கசிந்து, தொண்டையில் இறங்கியது. மடக் மடக்கென்று அவர் குடிக்கும் சத்தத்தை அவள் கேட்டாள். அவர் கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கித் தாடியில் ஓடியது. "இன்னும் கொஞ்சம்" என்றார். அவள் குடத்தைச் சாய்த்தாள். அப்போது நாலு பக்கமிருந்தும் கடல் வந்தது.

நந்தகோபன் கேரியர் மூடியைக் கையில் பிடித்தபடியே எழுந்து ஏணிப் பக்கம் ஓடினார். ஏணி அங்கே இல்லை, அது தொங்கிய படகே சுழன்று தூரத்தில் போய்விட்டது. "தலைவரே!" என்று அவர் கத்தியது பாதியில் அடைபட்டது. பொக்லைன் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்தன, குழாய்கள் தீக்குச்சி போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி முறிந்தன. சலேத்து மூச்சை அடக்கிக்கொண்டு கலங்கலுக்குள் மேலே ஏறினாள். எஸ்தாக்கியின் கையை அவள் பிடிக்கவும் இல்லை, அவர் நீட்டவும் இல்லை.

கரையேறி வந்தபோது ஊர் மொத்தமும் நின்றது. ஊர்க்கமிட்டிக்காரர் ஒருவர், "என்னாச்சு சலேத்து?" என்று கேட்டார். "மாமா தண்ணி கேட்டாக, குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் சேலையைப் பிழிந்தாள்.

கடல் உள்வாங்கித் திடீரென்று திரும்பியது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நந்தகோபனின் மனைவி கரையில் வந்து விழுந்து அழுததைச் சலேத்து நின்று பார்த்தாள், போய்த் தூக்கிவிடவில்லை. கம்பெனி இரும்பு மேடையைக் கழற்றிக்கொண்டு வேறு எங்கேயோ போனது, எங்கே என்று ஊருக்குத் தெரியாது, அங்கேயும் ஒரு கடல் இருக்கும், அதில் ஏதோ ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். எஸ்தாக்கியின் உடம்பு கிடைக்கவில்லை. வெறும் பெட்டியில் அவர் சட்டையை மடித்து வைத்து அடக்கம் செய்தார்கள். சலேத்து கறுப்புச் சேலை உடுத்தி, பெற்ற மகள் போல மண் போட்டு, குரல் போகும்வரை ஒப்பாரி வைத்தாள். அந்த அழுகையில் பொய் இல்லை என்று கேட்ட எல்லாருக்கும் தெரிந்தது, அதனால்தான் அதைக் கேட்கப் பயமாக இருந்தது. மழை வந்தால் இப்போது கருவாடு நனைகிறது. பெண்கள் முங்கித்தான் பாசி எடுக்கிறார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் சலேத்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கூண்டுக்குள் இருந்த ஜெரோம் சாமியாரிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். பிறகு அவர் கேட்டார்:

"செஞ்சதை நெனச்சு வருந்தி மனஸ்தாபப்படுறியா மகளே?"

"எதுக்கு சாமி? மன்னிச்சதுக்கா, கொன்னதுக்கா?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் முகத்தை வலையருகே கொண்டுவந்தார்.

"ரெண்டையும் ஒரே கையாலதான் சாமி செஞ்சேன். ஒண்ணுக்கு மட்டும் தனியா மனஸ்தாபப்பட எனக்குத் தெரியல. மன்னிக்கச் சொன்னது நீங்கதானே."

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். அடுத்து முழங்காலில் நிற்க யாரும் வரவில்லை. சாமியார் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், கோயில் பிள்ளை வந்து பூசைக்கு மணி அடிக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டும் அவர் எழுந்து வரவில்லை.